உண்கலத்தில் ஒரு பெயர்

ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் வடகரையில் அமைந்தது கொடுமணல். பதிற்றுப்பத்து இவ்வூரைக் கொடுமணம் எனப் போற்றும். 1985-ஆம் ஆண்டு முதல் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் தமிழி எழுத்துப் பொறித்த மட்கல ஓடுகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. வைகைக் கரையிலுள்ள கீழடியில் 2014-15 முதல் நிகழ்ந்துவரும் அகழாய்வுகளும் அத்தகைய ஓடுகளைத் தந்துள்ளன. கொடுமணல் ஓடுகளில் கண்ணன் ஆதன், பண்ணன், சுமணன் முதலிய பெயர்களும், கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன், உதிரன் முதலிய பெயர்களும் காணப்படுகின்றன. அரசர் பெயரோ புலவர் பெயரோ அல்ல இவை. அடுப்படியில் புழங்கிய கலங்களின் மேல் எளிய மாந்தர் கீறிவைத்த தம் பெயர்கள்.

இவ்வோடுகள் பற்றித் தமிழில் வெளிவந்த கட்டுரைகள் மிகப் பல. எழுத்தின் காலம், வடிவம், மொழி, எழுத்தறிவின் பரவல் ஆகியன குறித்து அறிஞர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். எழுதப்பட்ட கலம் எத்தகையது, அதனை வனைந்தவர் யார், அதில் உண்டவர் அதனை எவ்வாறு போற்றினர் என்னும் வினாக்கள் அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. எழுத்தைத் தாங்கிய ஓடு பேழைக்குள் இடம்பெறுகிறது. எழுத்தில்லாத ஓடு சாக்குப்பையில் கட்டப்பட்டுக் கிடங்கிற்குச் செல்கிறது. தமிழாசிரியர் உலகின் இயல்பான குறை இது எனலாம்.

எழுத்துப் பொறித்த கலங்களுள் பெரும்பாலானவை கருப்பு-சிவப்பு மட்கலங்களே. இவ்வகைக் கிண்ணத்தின் உட்புறமும் வாய்விளிம்பும் கருநிறமாக இருக்கும். வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி செந்நிறமாக இருக்கும். இவ்விரு நிறங்களும் வண்ணம் பூசுவதால் வருவன அல்ல. கலத்தைச் சூளையில் கவிழ்த்து அடுக்கி, வாய்ப்புறம் வைக்கோலும் சருகும் சாம்பலும் சூழுமாறு வைத்துச் சுடும்போது, காற்றுப் புகாத உட்பகுதி புகைக்கரியை ஈர்த்துக் கறுக்கிறது. காற்றுப்படும் வெளிப்பகுதியில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. இவ்வாறு ஒரே சூட்டில் இருநிறம் பெற்றனர் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். இருமுறை சுட்டிருக்கலாம் என்பாரும் உளர். சுடுவதற்கு முன், பாதி உலர்ந்த நிலையில் கூழாங்கல் போன்ற வழவழப்பான பொருளால் கலத்தைத் தேய்த்து மெருகேற்றினர். அம்மெருகு இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பின்னும் சில ஓடுகளில் மங்காமல் உள்ளது. மெருகு அழகிற்காக மட்டும் செய்யப்பட்டதன்று. மண்ணின் நுண்துளைகளை அது அடைக்கிறது; அதனால் குழம்பும் கொழுப்பும் எளிதில் ஊறுவதில்லை. கலத்திற்கு அணி எதுவோ அதுவே உண்பவர்க்குப் பயனும் ஆயிற்று.

கொங்கு நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் மற்றொரு வகை, செங்காவி பூசிய வண்ணக்கலம். வெண்களிமண் குழம்பால் கலத்தின் மேல் கோடுகளும் வலைப்பின்னல்களும் வரைந்து, அவற்றின் மேல் செங்காவிக் குழம்பைப் பூசிச் சுடுவர். காவியின் ஊடே வெண்கோடுகள் மங்கலாகப் புலப்படும். சமையலுக்கும் சேமிப்பிற்கும் மட்டுமே உரிய கலத்திற்கு இவ்வளவு உழைப்புத் தேவையில்லை. அன்றாடம் கையிலெடுத்துக் கண்ணால் பார்க்கும் கலத்திற்கே இத்தகைய அணி பொருந்தும்.

பெயர்க் கீறல்கள் மிகுதியும் கலத்தைச் சுட்ட பின்னர்ப் பொறிக்கப்பட்டவை. கையெழுத்தும் கலத்திற்குக் கலம் வேறுபடுகிறது. ஆகவே பெயரை எழுதியவர் குயவர் அல்லர், கலத்தை வாங்கி ஆண்டவர்களே என்பது ஆய்வாளர் கருத்து. பெயர் பொறித்ததற்கு வணிகம், ஈமச் சடங்கு முதலிய காரணங்களையும் கூறுவர். எழுத்துடைய கலங்கள் எல்லாம் உண்கலங்களும் அல்ல. நீர்க்கலங்களும் சேமக்கலங்களும் அவற்றுள் உண்டு. ஆயினும் குடியிருப்புப் பகுதியில் கிடைத்த சிறு கலம் ஒன்றில் ஒருவர் தம் பெயரைக் கீறினார் எனின், அதனை அவர் கழுவி, கவிழ்த்து வைத்து, மறுநாளும் எடுத்துப் புழங்கினார் என்பதே இயல்பான பொருள். எறிந்துவிடப்போகும் கலத்தில் எவரும் பெயர் எழுதுவதில்லை. பிற்காலத் தமிழகத்தில் மண்ணாலான உண்கலம் அடைந்த நிலையை நோக்கும்போது இச்சிறு செய்தியின் பெருமை விளங்கும்.

அதற்குமுன் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை நோக்க வேண்டும். 1944-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற மார்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் மதுச்சாடி ஒன்றின் உடைந்த பகுதியைக் கண்டார். அது கிடைத்த இடத்தைத் தேடிப் புதுச்சேரிக்குச் சென்றவர், அங்கு இத்தாலி நாட்டு அரெட்டைன் மட்கலத் துண்டுகளைக் கண்டு வியந்தார். 1945-இல் அவரே அகழாய்வு நிகழ்த்தினார். அரெட்டைன் கலத்தின் காலம் ஐரோப்பாவில் முன்னரே தெளிவாக அறியப்பட்டிருந்தது. அதனைக் கொண்டு அரிக்கமேட்டுக்கும், அரிக்கமேட்டைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லிடங்கள் பலவற்றிற்கும் காலம் கணிக்க இயன்றது. சோற்றுத் தட்டு ஒன்று ஒரு நாட்டின் வரலாற்றிற்கே அளவுகோலாயிற்று. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நிகழ்த்திய அகழாய்வுகள், ஊரின் தொடக்கத்தை வீலர் கருதியதினும் முற்பட்ட காலத்திற்குக் கொண்டுசென்றன.

அரிக்கமேட்டில் மூவகைக் கலங்கள் அருகருகே கிடைக்கின்றன. முதலாவது இத்தாலியிலிருந்து வந்த செந்நிற அரெட்டைன் தட்டு. அதன் உட்புற நடுவில் பட்டறைக்குரியவரின் பெயர் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். இரண்டாவது ரௌலட்டட் எனப்படும் உருள்முத்திரைக் கலம். மெல்லிய, வழவழப்பான, ஒரு சாணுக்கு மேற்பட்ட அகலமுடைய தட்டு அது. விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கும். தட்டின் உட்தரையில் முக்கோணம், பிறை, புள்ளி போன்ற நுண்குறிகள் வட்ட வரிசைகளாக அமைந்திருக்கும். இது மேலைநாட்டு இறக்குமதி என்றே முதலில் கருதப்பட்டது. பின்னர் நிகழ்ந்த மண் பகுப்பாய்வுகள் இதனை இந்திய மண்ணில், குறிப்பாகக் கங்கைச் சமவெளியின் கீழ்ப்பகுதியில் செய்யப்பட்டது எனக் காட்டின. அணி அமைந்த இடம் ஈண்டு நோக்கத்தக்கது. சோறு இட்டதும் இக்குறிகள் மறைந்துவிடும். உண்டு முடிக்கும் தறுவாயில்தான் அவை மீண்டும் வெளிப்படும். இவ்வழகை முழுமையாகக் காண்பவர் விருந்தளித்தவர் அல்லர், உண்டவரே. மூன்றாவது, பெயர்க் கீறல் உடைய மட்கல ஓடுகள். அவற்றில் தமிழும் பிராகிருதமும் உண்டு. ஆக, ஒரு கலத்தில் செய்வித்தவர் பெயர். ஒரு கலத்தில் பெயரே இல்லை. ஒரு கலத்தில் அதனை ஆண்டவர் பெயர். தமிழ்க் கடற்கரையின் ஒரே ஊரில் இம்மூன்றும் ஒரே காலத்தில் புழங்கின.

இனி இலக்கியத்திற்கு வருவோமாயின், சங்கப் பாடல்களில் உண்கலத்தைக் குறிக்கும் சொற்களுள் தலையாயது 'மண்டை'. இரப்போர் ஏந்தும் கலம், மட்கலம் என அகராதிகள் இதற்குப் பொருள் தரும். பாணரும் விறலியரும் தம்முடன் சுமந்து திரிந்த கலம் இது. புறநானூற்றின் 103-ஆம் பாடலில், ஒருபுறம் பதலையும் மறுபுறம் சிறுமுழவும் தொங்கச் சுமந்து வந்த விறலி, தன் கவிழ்ந்த மண்டையை நிமிர்த்தி நிறைப்பவர் யார் என ஏங்கி வழியில் அமர்ந்திருக்கிறாள். அதியமான் அண்மையில்தான் உள்ளான் என்று ஔவையார் ஆற்றுப்படுத்துகிறார். அதே ஔவையார் அதியமான் இறந்தபோது பாடிய 235-ஆம் பாடலில் மண்டை மீண்டும் வருகிறது. அவன் மார்பில் தைத்த வேல் முதலில் பாணருடைய அகன்ற மண்டையைத் துளைத்ததாம். பின்னர் இரப்போர் கைகளினூடே சென்று, சுற்றத்தார் கண்ணொளியைக் கெடுத்து, இறுதியில் புலவர் நாவில் வீழ்ந்ததாம். வள்ளலின் மார்பிற்கும் புலவரின் நாவிற்கும் இடையே உண்கலத்தை வைத்துப் பாடினார் ஔவையார். மண்டை அவருக்குப் பிச்சைப்பாத்திரம் மட்டுமன்று. கலைஞனின் உடைமை அது, யாழைப் போலவே அவனோடு வழிநடந்தது.

சிலப்பதிகாரத்தில் இதே சொல் வேறோர் இடத்தைப் பெறுகிறது. கொலைக்களக் காதையில், மாதரி இல்லத்தில் கண்ணகி கோவலனுக்கு அமுது படைக்கும் காட்சி தமிழறிந்தார் நெஞ்சை விட்டு நீங்காதது. அவன் பனையோலைத் தவிசில் அமர்கிறான். அவன் காலைக் கழுவிய நீரை அவள் சுட்ட மண்ணாலான மண்டையில் ஏந்தி அகற்றுகிறாள். நிலத்தில் நீர் தெளித்து மெழுகி, வாழையின் குருத்திலையை விரித்து, அதில் உணவைப் படைக்கிறாள். பாணர் உண்ட மண்டையில் இங்கே கால் கழுவிய நீர். சோற்றிற்கு உரியது இலை. ஒரு காட்சியைக் கொண்டு ஒரு நாட்டின் வழக்கையே முடிவு செய்தல் தகாது. சங்க காலத்திலேயே தேக்கிலையில் உண்டோர் உண்டு. செல்வர் மனையில் பொற்கலத்தில் உண்டோரும் உண்டு. எனினும், மண்ணாலான கலம் உண்பவரின் முன்னிலையிலிருந்து விலகத் தொடங்கியதன் அடையாளமாக இக்காட்சியைக் கொள்ள இடமுண்டு.

விலகியதன் காரணங்களுள் முதன்மையானது எச்சில் பற்றிய கருத்து. மண் நீரை உறிஞ்சும். ஆகவே எச்சில் பட்ட மட்கலத்தைக் கழுவித் தூய்மை செய்ய இயலாது, உலோகத்தைச் சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கலாம் என்பது தரும நூல்களின் வழிவந்த நோக்கு. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா முழுதும் பயணம் செய்து காஞ்சிபுரம் வரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங், இந்நாட்டார் உண்டபின் மண்ணாலும் மரத்தாலும் ஆன கலங்களை அழித்துவிடுவர் என்றும், பொன், வெள்ளி, செம்பு, இரும்புக் கலங்களை மட்டும் துலக்கி மீண்டும் பயன்படுத்துவர் என்றும் எழுதிவைத்தார். கொடுமணலில் பெயர் எழுதிப் பேணப்பட்ட பொருள், அவர் கண்ட இந்தியாவில் ஒருவேளைப் பொருளாகிவிட்டது. ஒருவேளைக்கு மட்டும் உதவும் கலத்திற்கு மெருகு எதற்கு? கோலம் எதற்கு? குயவரின் கைத்திறன் குன்றியது என்று கூறுவோர் உண்டு. குன்றியது கைத்திறன் அன்று. அதனைக் கேட்டு வாங்கும் கண்கள் குறைந்தன என்பதே பொருந்தும். குளிர்ந்த நீருக்குப் பானையும், மீன்குழம்பிற்குச் சட்டியும், பழைய சோற்றிற்குக் கலயமும், பொங்கலுக்குப் புதுப்பானையும் வேண்டப்பட்டன. ஊர் எல்லையில் நிற்கும் மண்குதிரைகளைச் செய்த வேளார் கைகளுக்குத் தட்டை அழகுறச் செய்யத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

மண்ணாலான உண்கலம் தன் மதிப்பை இழக்காத இடம் ஒன்று உண்டு. அது அடியார் கையிலிருந்த திருவோடு. தில்லையில் வாழ்ந்த வேட்கோவரான திருநீலகண்ட நாயனார், சிவனடியார்க்குத் திருவோடு வனைந்து வழங்குவதைத் தொண்டாகக் கொண்டவர் எனப் பெரியபுராணம் கூறும். சிவயோகி வடிவில் வந்த இறைவன் அவரிடம் ஓடு ஒன்றை அடைக்கலமாக வைத்துச் சென்று, பின்னர் அதனை மறைத்துவிட்டு வந்து கேட்கிறான். வேறு நல்ல ஓடு தருவதாகச் சொல்லியும் யோகி ஏற்கவில்லை. தான் தந்ததே வேண்டும் என்கிறான். வழக்கு தில்லைவாழ் அந்தணர் அவைக்குச் செல்கிறது. மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யவேண்டிய நிலையில், தம்பதியர் தம் இளமையிலிருந்து காத்துவந்த விரதம் ஊரறிய வெளிப்படுகிறது. இக்கதையை விரதத்தின் பெருமைக்காகவே எல்லோரும் எடுத்துரைப்பர். ஓட்டின் பக்கம் நின்று நோக்கினும் ஓர் உண்மை புலப்படும். குயவர்க்கு ஓடுகள் எல்லாம் ஒன்றே, ஒன்றிற்கு மற்றொன்று ஈடு. ஏந்தியவனுக்கோ அந்த ஓடு மட்டுமே தன் ஓடு. நாயன்மார் வரிசையில் ஒரு குயவர். சங்கப் புலவர் வரிசையில் வெண்ணிக் குயத்தியார். கரிகாலனிடமே, புறப்புண் நாணி வடக்கிருந்த பகைவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று கேட்ட அப்பெண்ணின் பாடல் புறநானூற்றில் 66-ஆவது. அவர் பெயரால் கிடைப்பது அவ்வொரு பாடலே. அதில் சக்கரமும் சூளையும் இல்லை.

இடைக்காலத்தில் கடல்வழியே சீனக் கலங்கள் வந்தன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நிகழ்ந்த அகழாய்வில் சீன நாட்டு மெருகுக் கலங்களின் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. 'பீங்கான்' என்னும் சொல்லும் கடல்வழி உறவில் வந்ததே; மலாய் மொழியில் 'பிங்கான்' என்பது உண்ணும் தட்டையே குறிக்கும். கண்ணாடி போன்ற மெருகுடைய இக்கலம் எச்சிலை உறிஞ்சாது. ஆயினும் அது உள்ளூர்ச் சூளையில் உருவாகவில்லை. வாங்கி வைக்கும் பொருளாகவே நின்றது.

மண்ணாலான உண்கலத்தைக் கழுவிப் பேணும் வழக்கம் அறுபடாமல் நீடித்த நாடுகளுள் ஒன்று ஜப்பான். அங்கு ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவர்க்கும் தமக்கெனத் தனிச் சோற்றுக் கிண்ணம் உண்டு. ஒருவர் கிண்ணத்தில் மற்றவர் உண்பது வழக்கமன்று. 1925-ஆம் ஆண்டளவில் யானகி சோயெட்சு என்னும் அறிஞரும் அவர்தம் நண்பர்களான ஹமாடா ஷோஜி, கவாய் கான்ஜிரோ ஆகிய மட்கலக் கலைஞர்களும் 'மிங்கெய்' என்றொரு சொல்லை உருவாக்கினர். மக்களின் கைவினை என்பது அதன் பொருள். பெயரறியாத கைவினைஞர், எளிய மக்களின் அன்றாடப் பயன்பாட்டிற்காக, எண்ணிக்கையில் மிகுதியாகச் செய்த பொருள்களிலேயே உயர்ந்த அழகு பிறக்கிறது என்பது யானகியின் கொள்கை. அவர் அடிக்கடி எடுத்துக்காட்டியது கீசாஎமோன் என்னும் கிண்ணம். ஜப்பானில் தேநீர்ச் சடங்கிற்குரிய அருங்கலமாகப் போற்றப்பட்டு, நாட்டின் செல்வமாக அறிவிக்கப்பட்டது அது. அதுவோ கொரிய நாட்டு ஏழைகள் நாள்தோறும் சோறுண்ட மலிவான கிண்ணம் என்றார் யானகி. ஹமாடா 1920-இல் பெர்னார்டு லீச் என்னும் ஆங்கிலேயக் கலைஞரோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்சு ஊரில் சூளை அமைத்து, 1924-இல் நாடு திரும்பி, மாஷிகோ என்னும் சிற்றூரில் குடியேறினார். ஜப்பானில் அவர் செய்த கலங்களில் தம் பெயரைப் பொறிப்பதை விட்டுவிட்டார்.

யானகியின் கொள்கையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பெயரின்மையைப் பெருமையாகக் கொண்டாடியவர்கள் எல்லோரும் பெயர் பெற்றவர்கள். பெயர் எழுத உரிமையோ வாய்ப்போ இல்லாதவனின் பெயரின்மையும், புகழடைந்த பின் பெயரை விலக்கியவனின் பெயரின்மையும் ஒன்றாகா. தமிழகத்து வேளாரின் பெயரின்மை முதல் வகையைச் சார்ந்தது.

இம்மரபின் ஒரு கிளை அரிக்கமேட்டிற்கு மிக அண்மையில் வந்து வேரூன்றியது. ஜப்பானில் மட்கலக் கலை பயின்ற டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் அமெரிக்கர். 1971-ஆம் ஆண்டில் இவ்விருவரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் கூடத்தைத் தொடங்கினர். உள்ளூர்த் தொழிலாளரைப் பழக்கி, தட்டு, கிண்ணம், கோப்பை, குவளை எனச் சாப்பாட்டு மேசைக்குரிய கலங்களைக் கையால் செய்வித்தனர். சாதாரண மண்பானை ஏறத்தாழ 800, 900 பாகை செல்சியசு வெப்பத்தில் வெந்துவிடும். இவர்கள் செய்த கல்மண் கலத்திற்கு ஏறத்தாழ 1,300 பாகை வேண்டும். அவ்வெப்பத்தில் களிமண் இறுகிக் கல்லாகிறது. மேலே பூசிய சாம்பலும் கற்பொடியும் உருகிக் கண்ணாடியாகிப் படிகிறது. எச்சிலை உறிஞ்சாத, கழுவக்கூடிய, தூரிகைக் கோடுகளால் அணிபெற்ற மட்கலம் இவ்வாறு தமிழ்க் கடற்கரைச் சூளையில் உருவாயிற்று. அங்குப் பயின்ற மாணவர் பலர் தனித்தனியே சூளைகள் அமைத்தனர். புதுச்சேரியும் ஆரோவில்லும் இத்தொழிலால் பெயர் பெற்றன.

இக்கலங்களை விரும்பி வாங்கியோர் பெரும்பாலும் நகரத்துச் செல்வரும் வெளிநாட்டினரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கைவேலைக்குரிய விலை எளிய குடும்பத்திற்கு எட்டுவதன்று. அதனால் இம்முயற்சி வீண் என்று தள்ளிவிடுவதும் முறையன்று. மட்கலத்தை உண்டு கழுவி வைக்கலாம், அழகிற்காகப் போற்றலாம் என்னும் வழக்கம் இம்மண்ணுக்கு மீண்டும் வந்ததே ஒரு பேறு. வருத்தம் தருவது வேறொன்று. தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுழற்றிய வேளார் குடும்பங்களுக்கும் புதிய கலைக்கூடங்களுக்கும் இடையே போக்குவரத்து மிகக் குறைவு. ஒரு பக்கம் மண்ணறிவு. மறுபக்கம் உயர்வெப்பச் சூளை. மானாமதுரையின் மட்கலங்கள் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. அவ்வூரின் கடம் கருநாடக இசைமேடைகளில் ஒலிக்கிறது; கலைஞர் பெயரை அறிவிப்பவர் கடம் செய்தவர் பெயரைச் சொல்வதில்லை.

கலத்தில் பெயர் எழுதும் வழக்கமோ தமிழகத்தில் அறுபடவே இல்லை. அது மண்ணை விட்டுப் பித்தளைக்கும், பித்தளையை விட்டு எவர்சில்வருக்கும் மாறியது, அவ்வளவே. திருமணத்திற்குச் சீர்ப்பாத்திரம் வாங்குவோர், கடையிலேயே பெயர் வெட்டித் தருமாறு கேட்பர். கடைப்பையன் சிறு மின்கருவியைக் கையில் பிடித்து, தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயரையும் நாளையும் பொறிப்பான். பெரும்பாலும் அது பெண்ணின் பெயராகவோ, சீர் செய்த தாய்வீட்டார் பெயராகவோ இருக்கும். பக்கத்து வீட்டுக்குக் குழம்பு சென்ற கிண்ணம் திரும்பி வருவதும் அந்தப் பெயரால்தான். கீழடியில் 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்குள்ள பெயர்க் கீறல்களைக் காணவரும் பெண்கள், எழுத்தைப் படிக்கத் தெரியாவிடினும், பாத்திரத்தில் பேர் வெட்டியிருக்கிறார்கள் என்று தம் பிள்ளைகளுக்குக் காட்டினால் அதில் பிழையேதும் இல்லை.